சைக்கிள் கேள்வி–பதில்: நாளாந்த ஓட்டத்துக்கு எந்தச் சில்லு?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் றேஸ் சைக்கிளின் சில்லைப் பற்றியவை. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: கோப்பாயிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு வேலைக்குப் போய்வருவது றேஸ் சைக்கிளில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைக்கு, சில வேளை வல்லைவெளி தாண்டிப் பருத்தித்துறைக்கும் ஓடுவேன். என் நிறை 78 கிலோ, முதுகில் ஒரு பையும் இருக்கும். றிம்மில் பிடிக்கிற பிறேக், 10 கியர் கசற் (பின்சில்லின் பற்சக்கரத் தொகுதி). பின்சில்லில் 20 கம்பிதான். இந்த வருடம் மட்டும் மூன்று கம்பி அறுந்துவிட்டது. புதுச் சோடி எடுக்க நினைக்கிறேன். 50 மி.மீ. ஆழமுள்ள காபன் றிம் எடுக்கச் சொல்கிறார்கள் கூட ஓடுபவர்கள். எடுக்கலாமா?
– வாசகர், கோப்பாய்

பதில்: வேண்டாம். 24 முதல் 30 மி.மீ. வரை ஆழமுள்ள அலுமினிய றிம், முன்னுக்கு 28 கம்பி, பின்னுக்கு 32 கம்பி, பித்தளை நிப்பிள் (கம்பியை றிம்மில் இறுக்கும் சிறு மரைத்தலை). உங்களுக்கு இதுதான் சரி.

கம்பி அறுவதிலிருந்து தொடங்குவோம். சில்லுக் கம்பி பாரம் தாங்காமல் ஒரே இழுவையில் அறுவது அரிது. சில்லு சுற்றும்போது நிலத்துக்கு நேரே வரும் கம்பி சற்றுத் தளரும், அந்த இடம் கடந்ததும் பழையபடி இறுகும். 28 மி.மீ. ரயர் பூட்டிய சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 2.14 மீற்றர். ஆகவே 15 கிலோமீற்றர் ஓடினால் ஒவ்வொரு கம்பியும் 7,000 தடவை தளர்ந்து இறுகுகிறது. கட்டுக்கம்பியை வளைத்து நிமிர்த்தி முறிப்பது போலத்தான் இதுவும். முறிவது பெரும்பாலும் சில்லின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் நுழையும் வளைவில். கம்பி இறுக்கமாக இருந்ததால் அறுந்தது என்று பலர் நினைத்துத் தளர்த்திவிடுகிறார்கள். அது பிழை. தளர்ந்த கம்பிதான் அதிகம் ஆடும், ஆடுகிற கம்பிதான் அறும்.

பின்சில்லில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கசற்றுக்கு இடம் விட வேண்டியதால் அந்தப் பக்கக் கம்பிகள் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். அங்கே 100 முதல் 120 கிலோ வரை இழுவை இருந்தால், மறுபக்கத்தில் அதன் பாதிக்குச் சற்றுக் கூடத்தான் இருக்கும். இருபதே கம்பி உள்ள சில்லில் ஒவ்வொன்றுக்கும் வரும் ஏற்ற இறக்கம் பெரிது. ஒன்று அறுந்தால் றிம் பிறேக் கட்டையில் முட்டி நின்றுவிடும், தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். 32 கம்பியில் ஒன்று அறுந்தால் பிறேக்கைச் சற்றுத் திறந்துவிட்டு வீடு வந்து சேரலாம். மூன்று அறுந்த சில்லில் மற்றக் கம்பிகளும் அதே அளவு களைத்தவைதான், ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பது வீண்செலவு.

கம்பி ஸ்ரெயின்லெஸ்ஸாக, இரு முனையும் 2.0 மி.மீ., நடு 1.8 மி.மீ. என்று நடுவில் மெலிந்ததாக இருந்தால் நல்லது. மெல்லிய நடுப்பகுதி நீண்டு கொடுப்பதால் வளைவில் விழும் அடி குறையும். காந்தம் ஒட்டுகிறது என்பதற்காகக் கம்பியை ஒதுக்கிவிடாதீர்கள், இழுத்து மெலிதாக்கிய ஸ்ரெயின்லெஸ்ஸும் காந்தத்தில் இலேசாக ஒட்டும். நிப்பிள் மட்டும் கட்டாயம் பித்தளை. விலை கூடிய சில்லுகளில் நிறை குறைப்பதற்காக அலுமினிய நிப்பிள் போடுகிறார்கள். உப்புக்காற்றில் அது வெள்ளையாகப் பூத்து, கம்பியோடு ஒட்டிக்கொண்டு, திருகப்போனால் உடையும். காபன் றிம்மில் இன்னும் மோசம், காபனும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். பண்ணைக் கடலை ஒவ்வொரு கிழமையும் கடப்பவருக்கு இது சின்ன விடயமல்ல.

இனி நிறை. இலேசான சில்லு என்று சொல்லி விற்கப்படுவதற்கும் சாதாரணச் சில்லுக்கும் சோடிக்கு 300 கிராம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 300 கிராமும் றிம்மிலேயே இருந்தாலும் வேகம் எடுக்கும்போது அதன் பாதிப்பு இரட்டிப்பு, 600 கிராம்தான். நீங்கள், பை, சைக்கிள் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்றால் அது ஒரு வீதத்துக்கும் குறைவு. ஒரே வேகத்தில் ஓடும்போது அதுவும் இல்லை. ஏற்றம் இருந்தால் கதை வேறு, யாழ்ப்பாணத்தில் ஏற்றத்துக்கு எங்கே போவது?

இங்கே காற்றுத்தான் மலை. ஆழமான றிம் காற்றை நன்றாக வெட்டும் என்பது உண்மைதான், ஆனால் அதன் பலன் 35 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டி ஓடுபவருக்குத்தான் தெரியவரும். வேலைக்குப் போகும் வேகத்தில் சட்டையின் தொளதொளப்பும் முதுகுப் பையும் பிடிக்கும் காற்று, றிம் மிச்சப்படுத்துவதை விட அதிகம். சோழகத்தில் ஆனையிறவு வெளி போல மறைவே இல்லாத இடத்தில் பக்கக்காற்று அடித்தால் 50 மி.மீ. முன்றிம் ஹாண்டிலைப் பிடுங்கும். பக்கத்தால் பஸ் கடந்து போய், அது மறைத்த காற்று திடீரெனத் திரும்ப அடிக்கும் நேரம்தான் ஆபத்து. ஆழமான றிம் மேல் ஆசை விடவில்லையென்றால் பின்னுக்கு மட்டும் போடுங்கள், பின்சில்லு ஹாண்டிலைத் திருப்பாது.

காபன் றிம்மில் மழைக்குள் பிறேக் பிடிப்பதும் தாமதம். கார்த்திகை, மார்கழி வாடைமழையில் முதல் சில சுற்றுக்கு ஒன்றும் பிடிக்காது. அதற்கென்று தனிப் பிறேக் கட்டை வேறு வாங்க வேண்டும். அலுமினியத்துக்குப் போட்டிருந்த கட்டையை அப்படியே பாவித்தால் அதில் ஏறியிருக்கும் உலோகத் துகள் காபனைக் கீறிவிடும்.

வாங்குமுன் இரண்டு அளவு பாருங்கள். ஒன்று, ரயருக்கும் பிறேமுக்கும் இடையில், பிறேக்குக்குக் கீழேயும் சேர்த்து, சுற்றிவர 4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பழைய பிறேம்கள் பலவற்றில் 25 மி.மீ. ரயர்தான் போகும். 28 போகுமென்றால் றிம்மின் உள்ளகலம் 17 முதல் 19 மி.மீ. வரை இருப்பது பொருத்தம். மற்றது கசற். இப்போது வருவது அநேகமாக 11 கியர் ஹப், அதில் கசற் ஏறும் பகுதி உங்கள் 10 கியர் ஹப்பில் இருப்பதை விட 1.85 மி.மீ. நீளம். அந்த அளவு வளையம் ஒன்றைப் பின்னால் போட்டுத்தான் கசற்றை ஏற்ற வேண்டும். சிமானோவின் 10 கியர் கசற்கள் பலவற்றுக்கு அதன் மேல் இன்னொரு 1 மி.மீ. வளையமும் வேண்டும். வளையம் இல்லாமல் பூட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் கசற் ஆடும்.

மிஞ்சும் பணத்தில் நல்ல ரயர் எடுங்கள். ஓட்டத்தில் உணரக்கூடிய மாற்றம் றிம்மிலிருந்து வருவதை விட ரயரிலிருந்து வருவதுதான் அதிகம்.

கேள்வி: அப்பாவின் பழைய சைக்கிளில் 28 அங்குல ரயர். என் றேஸ் சைக்கிளின் ரயரிலும் 28 என்றுதான் இருக்கிறது. மாற்றிப் போடலாமா?
– மாணவர், மானிப்பாய்

பதில்: போடமுடியாது. பெயர்தான் ஒன்று. வீட்டுச் சைக்கிளில் 28 என்பது அங்குலம், றிம்மில் ரயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. றேஸ் சைக்கிளில் 28 என்பது ரயரின் அகலம் மி.மீற்றரில், அதன் விட்டம் 622. பதின்மூன்று மி.மீ. வித்தியாசம். பெரியது சின்னதில் நிற்காமல் கழன்று ரியூப்பை வெடிக்கவைக்கும், சின்னது பெரியதில் ஏறவே ஏறாது. ரயரின் பக்கத்தில் 28-622 என்பது போல இரண்டு இலக்கம் பொறித்திருக்கும். பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் றிம்மோடு ஒத்துப்போனால் மட்டுமே வாங்குங்கள். கடையில் 27 அங்குலம் என்று வருவது 630 மி.மீ., அதுவும் வேறு.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணா விடுமுறையில் வரும்போது பாவித்த சில்லுச் சோடி ஒன்று வாங்கிவரட்டுமா என்று கேட்கிறார். அங்கே மலிவாம். எதைப் பார்த்து வாங்கச் சொல்வது?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: அண்ணாவுக்குப் பதில் சொல்வதற்கு முன் உங்கள் சைக்கிளை நீங்கள் அளந்து அனுப்ப வேண்டும். சில்லைக் கழற்றி, பின் பிறேமின் இரு கவைகளுக்கும் இடையில் உட்பக்கம் அளந்து பாருங்கள். றிம் பிறேக் றேஸ் சைக்கிளென்றால் 130 மி.மீ., முன்னுக்கு 100. எழுபது எண்பதுகளின் இரும்புப் பிறேமென்றால் 126 அல்லது 120 ஆக இருக்கலாம். டிஸ்க் பிறேக்கில் இப்போது வழக்கத்தில் இருப்பது 12 மி.மீ. அச்சு ஊடுருவிப் போகிற முறை, பின்னுக்கு 142, முன்னுக்கு 100. டிஸ்க் சில்லின் றிம்மில் பிறேக் கட்டை பிடிக்கும் தளமே இருக்காது. அதை றிம் பிறேக் சைக்கிளில் பூட்டவே கூடாது. விலையைப் பார்த்து மயங்கி அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான்.

கசற் வகையையும் எழுதி அனுப்புங்கள். சிமானோ, கம்பக்னோலோ, ஸ்ராம் எக்ஸ்.டி.ஆர். ஆகிய மூன்றின் ஹப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உங்களுடையது மலிவான ஏழு கியர்ச் சைக்கிளென்றால் அதில் கசற்றே இல்லாமல், ஹப்பில் மரையால் ஏறும் பிறீவீல் இருக்கலாம். அப்படியென்றால் புதுச் சில்லோடு கசற்றும் எடுக்க வேண்டிவரும்.

அங்கே கையில் எடுத்துப் பார்க்கவேண்டியவை: பிறேக் தளத்தின் குறுக்கே நேரான அடிமட்டம் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தால் றிம் தேய்ந்துவிட்டது. பல றிம்களில் அந்தத் தளத்தில் சிறு புள்ளிக்குழியோ கோடோ வெட்டியிருப்பார்கள், அது அழிந்திருந்தால் வேண்டாம். சுவர் ஒரு மி.மீற்றருக்குக் கீழே மெலிந்தால் காற்றின் அமுக்கத்திலேயே வெளிப்பக்கம் பிளக்கும். பிறகு நிப்பிள் ஓட்டைகளைச் சுற்றி நகக்கண் அளவு வெடிப்பு இருக்கிறதா, அச்சைக் கையால் சுற்றும்போது மணல் அரைப்பது போல் இருக்கிறதா, கம்பிகளைத் தட்டினால் ஒரு பக்கத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்கிறதா என்று. ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் றிம் எங்கோ அடிபட்டு, அதைக் கம்பியால் சமாளித்து நிமிர்த்தியிருக்கக்கூடும்.

உள்விளிம்பில் கொக்கி இல்லாத புதுவகை றிம் என்றால் விட்டுவிடச் சொல்லுங்கள். அதற்கு ரியூப்லெஸ் ரயர்தான் போடலாம், அமுக்கம் 5 பார், அதாவது ஏறக்குறைய 72 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. ரயர் மாற்ற ஒவ்வொரு முறையும் கனடாவுக்கா எழுதுவது?

கேள்வி: ஹப் நல்லாயிருக்கு, றிம் மட்டும் தேய்ந்துவிட்டது. றிம்மை மட்டும் மாற்றலாமா? எங்கள் பக்கத்துக் கடைக்காரர் வீட்டுச் சைக்கிள் சில்லுகளை அருமையாகக் கட்டுவார், ஆனால் றேஸ் சில்லு தொட்டதில்லை.
– வாசகர், சுன்னாகம்

பதில்: வீட்டுச் சைக்கிளின் சில்லைக் கட்டத் தெரிந்த கை இதையும் கட்டும். ஓட்டை எண்ணிக்கையும், நிப்பிள் உட்காரும் இடத்தின் விட்டமும் பழைய றிம்மோடு ஒத்திருக்க வேண்டும். விட்டம் 2 மி.மீ. வரை கூடிக்குறைந்தால் பழைய கம்பியே போதும்.

பழைய சில்லின் கம்பிகளை எல்லாம் சுற்றிவர அரைத் திருகு, அரைத் திருகாகத் தளர்த்துங்கள். புது றிம்மைப் பழையதன் பக்கத்தில் வைத்து, வால்வு ஓட்டைகள் நேருக்கு நேர் வரும்படி ஐந்தாறு இடத்தில் ரேப்பால் சுற்றிக் கட்டுங்கள். பிறகு கம்பியை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கத்து றிம்மின் அதே ஓட்டைக்கு மாற்றுங்கள். பின்னல் குலையாது, கம்பி எண்ணும் வேலையும் இல்லை. மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எல்லாம் மாறியதும் ஒவ்வொரு நிப்பிளும் மரை மறையும் அளவுக்கு ஒரே மட்டமாக வந்த பிறகு இறுக்கத் தொடங்கலாம். ஒரு தடவைக்குக் கால் திருகுக்கு மேல் போகாதீர்கள். நடுவே இரண்டிரண்டு கம்பியாகக் கையால் பிடித்து நெரித்துவிடுங்கள், வளைவுகள் ஹப்பில் ஒழுங்காகப் படியும். அதைச் செய்யாத சில்லு முதல் நூறு கிலோமீற்றருக்குள் நெளியும்.

நிப்பிள் சாவி அளவு முக்கியம். 3.23 மி.மீ. நிப்பிளுக்குச் சற்றுப் பெரிய சாவி போட்டால் மூலை மழுங்கிவிடும். நடுவில் நிற்கிறதா என்று பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை: சில்லைப் பிறேமில் பூட்டி ஒரு பக்க இடைவெளியைக் குறித்து, திருப்பிப் பூட்டி மறுபடி பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி.

கேள்வி: காரைநகரிலிருந்து தினமும் பொன்னாலைப் பாலத்தால் வருகிறேன். ஆறு மாதத்தில் பின் ஹப் கரகரக்கத் தொடங்கிவிட்டது. சிமானோ ஹப். அடைத்த பெயரிங் உள்ள ஹப் வாங்குவதா?
– வாசகர், காரைநகர்

பதில்: ஹப்பை மாற்றமுன் கழற்றிப் பாருங்கள். சிமானோ ஹப்புகளில் பெரும்பாலானவை நம் வீட்டுச் சைக்கிளைப் போலக் கிண்ணமும் கோனும் போல்ஸும் (இரும்புக் குண்டுகள்)தான். பின்னுக்குப் பக்கத்துக்கு 9, கால் அங்குல போல்ஸ். முன்னுக்குப் பக்கத்துக்கு 10, 3/16 அங்குலம். கசற்றைக் கழற்றத் தேவையில்லை. கசற் இல்லாத பக்கத்து நட்டையும் கோனையும் மட்டும் 17, 15 மி.மீ. மெல்லிய ஸ்பனர்களால் கழற்றி, அச்சைக் கசற் பக்கமாக உருவுங்கள். மற்றப் பக்கத்துக் கோனைத் தொடாதீர்கள், தொட்டால் அச்சு எந்தப் பக்கம் எவ்வளவு நீண்டிருந்தது என்பது தவறிப்போகும். போல்ஸைப் புதிதாகவே போடுங்கள், கழுவிப் போடும் அளவுக்கு அது விலையான பொருளல்ல. கோனில் சிறு குழி விழுந்திருந்தால் கோன் மாற்றலாம். ஹப்புக்குள் இருக்கும் கிண்ணத்தில் குழி விழுந்திருந்தால் ஹப் முடிந்தது.

கிறீஸைத் தாராளமாக வையுங்கள். வெளியே பிதுங்கும் கிறீஸ்தான் உப்புநீருக்கு முதல் தடை. பூட்டும்போது அச்சில் மயிரிழை ஆட்டம் விடுங்கள். பிறேமில் வைத்து, அச்சை இறுக்கும் நெம்பை இறுக்கியதும் அந்த ஆட்டம் மறைய வேண்டும். ஆட்டமே இல்லாமல் பூட்டினால் நெம்பின் இறுக்கத்தில் போல்ஸ் நசிந்து, மறுபடி ஆறு மாதத்தில் இதே கரகரப்பு வரும். உங்களுக்கு நடந்தது அதுவாகவும் இருக்கலாம்.

அடைத்த பெயரிங் ஹப்பும் நல்லதுதான். ஒரு நிபந்தனை, பெயரிங்கின் மூடியில் 6902, 6001 போன்ற பொது இலக்கம் இருக்க வேண்டும். அந்த அளவுகளை மோட்டார்சைக்கிள் பெயரிங் விற்கும் கடைகளில் கேட்டு வாங்கலாம்.

கேள்வி: வேலிக்கரையோரம் ஓடுவதால் முள் ஏறி வாரம் ஒரு தரம் காற்றுப் போகிறது. ரியூப்லெஸ்ஸுக்கு மாறட்டுமா?
– வாசகர், தெல்லிப்பழை

பதில்: ஓட்டை ரியூப்பின் எந்தப் பக்கத்தில் என்று பார்த்தீர்களா? வெளிப்பக்கமென்றால் முள். ரயரின் உட்புறத்தைப் பஞ்சால் தடவுங்கள், முறிந்து நிற்கும் முள் நுனி பஞ்சைப் பிடிக்கும். அதை எடுக்காமல் ஒட்டுப் போட்டால் அடுத்த வாரமும் கடைக்குத்தான். பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டையென்றால் காற்றுக் குறைவில் குழியில் விழுந்து றிம் கடித்தது. றிம்மைப் பார்க்கும் பக்கத்தில் ஓட்டையென்றால் முள்ளைத் திட்டிப் பயனில்லை, றிம் நாடாதான் பிழை. வீட்டுச் சைக்கிளுக்குப் பழைய ரியூப்பை வெட்டிப் போடும் றப்பர் நாடா 80 பி.எஸ்.ஐ.யில் கம்பி ஓட்டைக்குள் புடைத்து இறங்கிவிடும். இழுபடாத துணி நாடா அல்லது உயர் அமுக்கத்துக்கான பிளாஸ்ரிக் நாடா போடுங்கள், கம்பி ஓட்டைகளை முழுதாக மூடும் அகலத்தில்.

ரியூப்லெஸ் முள்ளுக்கு நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் ரயருக்கு 30 முதல் 40 மில்லிலீற்றர் அடைப்புத் திரவம் வேண்டும், நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப ஊற்ற வேண்டும், ரயரை றிம்மில் ஏற்றிவைக்கக் கைப்பம் போதாது. முள் தடுக்கும் பட்டி உள்ள 28 மி.மீ. ரயரும் ரியூப்பும் உங்களுக்குச் சுலபம்.

கேள்வி: எவ்வளவு காற்று அடிப்பது? கடையில் கல்லுமாதிரி அடித்துத் தருகிறார்கள்.
– வாசகி, நல்லூர்

பதில்: ரியூப்போடு 28 மி.மீ. ரயர், 70 கிலோ ஆள் என்றால் பின்னுக்கு 75 முதல் 80 பி.எஸ்.ஐ., முன்னுக்கு 70. ரயர் 25 என்றால் பத்துக் கூட்டுங்கள். நிறை பத்துக் கிலோ கூடினால் ஐந்து கூட்டுங்கள். றிம்மிலும் ரயரிலும் எழுதியிருக்கும் உச்ச அளவில் எது குறைவோ அதைத் தாண்டாதீர்கள். கல்லுமாதிரி அடித்தால் வேகம் கூடுவதில்லை. தார் பெயர்ந்த ஒழுங்கையில் சில்லு துள்ளுவதில் போகிற சக்தி உங்கள் காலிலிருந்துதான் போகிறது.

மோட்டார்சைக்கிளுக்கு அடிக்கும் கொம்பிறசரில் கொடுக்காதீர்கள். றேஸ் ரியூப் சின்னது, சில விநாடியில் நிறைந்து வெடிக்கும். றேஸ் றிம்மின் வால்வு ஓட்டை 6.5 மி.மீ., சாதாரண வால்வு ரியூப் அதில் போகாது என்று சில இடங்களில் துளைத்துப் பெரிதாக்கித் தருவார்கள், அதற்கும் விடாதீர்கள். மெல்லிய வால்வின் தலையில் திருகும் பித்தளை மாற்றி ஒன்று பையில் இருந்தால் எந்தக் கடைப் பம்மிலும் அடிக்கலாம். அடிக்குமுன் வால்வின் நுனி நட்டைத் தளர்த்தி ஒரு தடவை அமுக்கிவிடுங்கள், இல்லையென்றால் காற்று ஏறாது.